வரியில்லா நிலம், வரியில்லாக் கூரை

கடலூரிலிருந்து மேற்கே, கெடிலம் ஆற்றை ஒட்டிப் போனால் திருவந்திபுரம். முகூர்த்த நாளில் அந்தச் சாலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திருமணங்கள் நடக்கிற தேவநாதசாமி கோயில் அது. வரலாறு படிக்கிற தோழர்களுக்கு இந்த ஊரை வேறொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். மூன்றாம் ராஜராஜ சோழனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்ததையும், ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன் அனுப்பிய தண்டநாயகர்கள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பய்யனும் வந்து அவனை மீட்டதையும் சொல்லும் கல்வெட்டு இந்தக் கோயிலில்தான் இருக்கிறது. 1231ஐ ஒட்டிய செய்தி. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மனப்பாடமே செய்திருப்பீர்கள்.

போர்ச் செய்தி இப்படி எப்போதாவதுதான் கோயில் சுவரில் ஏறும். சோழர் காலத்துச் சுவர்களில் திரும்பத் திரும்ப வருவது நிலமும் வரியும்தான். யாருக்கு எவ்வளவு நிலம், அதில் எவ்வளவு வரி, யாருக்கு வரி இல்லை. அந்தக் கடைசி வகைக்கு ஒரு சொல் உண்டு: இறையிலி. இறை என்றால் வரி. இறை இல்லாதது இறையிலி.

இந்தப் பழைய சொல்லை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டு மாடியில் சோலார் வைப்பவருக்குச் சொத்துவரியில் சலுகை கொடுக்க வேண்டும் என்ற பேச்சு நாடு முழுக்க நடக்கிறது. சில மாநகராட்சிகளில் நடைமுறைக்கே வந்துவிட்டது. சுற்றுச்சூழல் வகுப்பு நடத்தும் நண்பர்கள் நம் மாணவர்களிடமும் இதற்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். நாம் சோலாருக்கு எதிரி இல்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் வரிவிலக்கு என்ற ஏற்பாடு இந்த மண்ணில் யார் வீட்டு வாசலில் எப்படி வந்து நின்றது என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். நம் வாதம் சிறியதுதான்: வரிவிலக்கு என்பது ஏற்கெனவே சொத்தும், அந்தச் சொத்துக்குத் தாளும் உள்ளவரை மட்டுமே எட்டும். மற்றவர்களை அது தாண்டிப் போய்விடும். சில நேரம் அவர்களைக் கட்டியும் போட்டிருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகளில் கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் மொத்த நிலம் இவ்வளவு என்று சொல்லி, அதிலிருந்து வரி கட்ட வேண்டாத நிலத்தைக் கழிக்கிறார்கள். அந்தக் கழிவில் ஊர் நத்தம் வருகிறது. கோயில் வளாகம், குளம், ஊரை அறுத்துக்கொண்டு ஓடும் வாய்க்கால் வருகின்றன. கம்மாணர் சேரியும் சுடுகாடும் வருகின்றன. பறைச்சேரியும் வருகிறது. தீண்டாச்சேரி என்ற பெயரும் அந்தக் கல்வெட்டுகளில் தலைகாட்டுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் குடியிருப்புக்கு வரி இல்லை! இதைக் காட்டிச் ‘சோழர் காலத்தில் சலுகை இருந்தது பாருங்கள்’ என்று சொல்ல ஆள் வராமல் இருக்கமாட்டார்கள்.

(ஓர் இடைக்குறிப்பு. ‘சேரி’ அன்று இழிசொல் இல்லை. உத்திரமேரூர் போன்ற பிரமதேயங்களில் பார்ப்பனக் குடியிருப்புப் பகுதிக்கும் சேரி என்றுதான் பெயர். பிற்காலத்தில் அந்தச் சொல் யார்மேல் மட்டும் ஒட்டிக்கொண்டது என்பது தனியாக எழுத வேண்டிய கதை.)

அதே கல்வெட்டு உலகத்தில் இன்னொரு இறையிலி உண்டு. தேவதானம், பிரமதேயம். இங்கே வரி இல்லை என்றால் என்ன பொருள்? உழுதவன் கொடுப்பது நின்றுபோகவில்லை. அரசனுக்குப் போக வேண்டிய பங்கு கோயிலுக்கோ பிராமணர் சபைக்கோ திருப்பிவிடப்பட்டது, அவ்வளவுதான். நெல் அதே களத்திலிருந்து அதே முதுகில் ஏறிப் போனது. சேர்ந்த இடம் மாறியது. ஆக, கோயிலுக்கும் சபைக்கும் இறையிலி என்பது வருமானம். யாருடைய நிலம், எல்லை எங்கே, எந்தத் தலைமுறை வரை என்றெல்லாம் கல்லில் வெட்டிய உரிமை.

சேரிக்கு இறையிலி என்றால் வேறு பொருள். சுடுகாட்டுக்கும் வாய்க்காலுக்கும் ஏன் வரி போடவில்லை? அங்கே விளைச்சல் இல்லை, அளக்க ஒன்றுமில்லை. சேரியும் அந்தக் கணக்கில்தான் கழிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் அது மனிதர் வாழும் மனையாக எழுதப்படவில்லை, விளையாத நிலமாக எழுதப்பட்டது. ஒரே சொல் ஒருவருக்கு உரிமைப் பத்திரம், இன்னொருவருக்குக் கணக்கில் விட்டுப்போன இடம்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்த இரண்டு இறையிலிக்கும் என்ன ஆயிற்று என்று பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். சென்னை மாகாணத்தில் 1858இல் இனாம் ஆணையம் அமைக்கப்பட்டது. கோயில் மானியம், பிராமண மானியம் என்று எல்லா இனாம்களையும் தேடிப் பதிவு செய்து, எல்லை குறித்து, உரிமைச் சான்று கொடுத்தார்கள். தனியார் இனாம்தாரர்கள் சிறிய தொகை கட்டி நிலத்தை முழு உடைமையாக்கிக்கொள்ள வழி செய்தார்கள். அரசனின் கல்வெட்டு கம்பெனியின் காகிதமாகி, பிறகு ராணியின் காகிதமாகித் தொடர்ந்தது. 1963இல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்து ரயத்துவாரியாக மாற்றியபோதும், தாள் வைத்திருந்தவர்கள் அந்தத் தாளோடுதான் போய் நின்றார்கள்.

சேரி நத்தத்துக்கு அப்படி ஒரு ஆணையம் வரவில்லை. அது வரியில்லாத நத்தமாகவே கிடந்தது. வரி இல்லாததால் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மிராசுதார் அதைத் தன் நிலம் என்றார். செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பு வகித்த டிரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய குறிப்பில் இது வருகிறது. கூலி கூடக் கேட்டால், வேறு ஒருவரிடம் வேலைக்குப் போனால், வீட்டைவிட்டு வெளியேறு என்று மிரட்டுவதுதான் நில உடைமையாளர் கையிலிருந்த ஆயுதம் என்பதை அவர் கண்டார். நிலமும் வீட்டுமனையும் அவர்களுக்கே சொந்தமாக வேண்டும் என்று எழுதினார். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட ஆணை அதன் பிறகு வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான். அந்த நிலம் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அதை மீட்கக் காரணையில் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. விளைநிலத்துக்காவது ஆணை வந்தது. குடியிருக்கும் மனை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இழுத்தடிக்கப்பட்டது.

நமக்கும் வரியில்லா விளைநிலம் கொஞ்சம் இருந்ததுண்டு. வெட்டியான் மானியம். ஊர் வேலைக்கு ஈடாக ஒரு துண்டு நிலம். செய்தி சொல்ல ஓட வேண்டும், பிணக்குழி வெட்ட வேண்டும், அதிகாரி வந்தால் பின்னாலேயே நிற்க வேண்டும். வேலையை நிறுத்தினால் நிலம் போய்விடும். மராத்தி நாட்டில் இதே ஏற்பாட்டுக்கு மகர் வதன் என்று பெயர்.

இந்த இடத்தில் நாம் நிற்க வேண்டும். ஏனென்றால் அண்ணல் அம்பேத்கர் இதைப் பற்றி மிகத் தெளிவாக ஒரு முடிவு எடுத்தார். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பரம்பரை ஊர்ப் பணிகள் சட்டத்தைத் திருத்த அவர் மசோதா கொண்டுவந்தார். அதன் சாரம்: மகர்கள் வதன் நிலத்துக்கு மற்ற குடியானவர்களைப் போல முழு வரியையும் கட்டிவிடுகிறோம், அதற்குப் பதிலாக ஊர் ஊழியத்திலிருந்து எங்களை விடுவியுங்கள். வரியைக் குறை என்று கேட்பதுதான் எந்தத் தலைவருக்கும் எளிது, கைதட்டும் கிடைக்கும். இவர் வரியை முழுசாகப் போடு என்று கேட்டார். வரிச்சலுகை என்ற பெயரில் கழுத்தில் கிடப்பது கயிறு என்று பார்த்ததால் கேட்டார். பொருளாதாரம் படித்தவர், மாகாண நிதி பற்றி 1925இல் நூலே எழுதியவர். ஒரு சலுகையின் விலை எந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மசோதா அப்போது நிறைவேறவில்லை. பம்பாய் மாநிலம் அந்த வதன்களை ஒழிக்கும் சட்டத்தை 1958இல்தான் இயற்றியது. அவர் மறைந்து இரண்டு ஆண்டு கழித்து.

நம் தென்னாற்காட்டிலும் இதே போராட்டம் வேறு வடிவில் நடந்தது. காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து வந்து 1952இல் நாடாளுமன்றம் சென்ற எல். இளையபெருமாள், பறையடிப்பதையும் செத்த மாடு தூக்குவதையும் விடச் சொல்லி ஊர் ஊராகப் போனார். சாவு வீட்டுப் பறையை நிறுத்தியவர்கள் அதோடு கிடைத்துவந்த நெல்லையும் விட்டார்கள். தீண்டாமை பற்றி அகில இந்திய அளவில் ஆய்ந்து 1969இல் அறிக்கை தந்த குழுவுக்கு அவர் தலைவரானது பிறகுதான்.

வரிவிலக்கில் இன்னொரு வகை சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், பொது வழிபாட்டுக்கென ஒதுக்கிய இடங்களுக்குச் சொத்துவரி கிடையாது என்றது. கடலூர், சிதம்பரம் நகராட்சிகளுக்கும் அதே சட்டம்தான். பொது வழிபாட்டிடம்! கோயில் நுழைவை உறுதிசெய்த சட்டம் 1947இல் வந்தது. இடையில் 27 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் ‘பொது’ என்ற சொல்லை வைத்துக் கோயில்கள் வரிவிலக்கு பெற்றன. அந்தப் பொதுவில் நாம் இல்லை. ஆனால் அந்த வரி வராததால் நகராட்சிக்கு ஏற்பட்ட குறைவில் நமக்கும் பங்கு இருந்தது. சேரிக்குத் தெருவிளக்குப் போட, குழாய் இழுக்க நிதி இல்லை என்று எழுதிய கோப்புகள் எத்தனை! சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கி ஊர் ஊராகக் கையேந்தி அதை வளர்த்த காலம் இது.

இனி வீட்டு வரி ரசீதுக்கு வருவோம். சேரியில் எந்த வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தாலும் ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் இடையில் ஊராட்சி வீட்டு வரி ரசீது பத்திரமாக இருக்கும். தொகை சொற்பம். ஆனால் பாலிதீன் உறையில் போட்டு வைத்திருப்பார்கள். ஏன்? வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. ஆனாலும் இந்த இடத்தில் நாங்கள் குடியிருக்கிறோம் என்று அரசு ஒப்புக்கொண்ட முதல் தாள் பல குடும்பங்களுக்கு அதுதான். மின் இணைப்புக்குப் போனாலும் கடனுக்குப் போனாலும் அந்தத் தாளைத்தான் நீட்டுகிறார்கள்.

அந்த ஒப்புதல் தானாக வரவில்லை. குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க 1961இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. மிராசுதார் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையையே உடைமையாக்க 1971இல் குடியிருப்பு அனுபவதாரர் சட்டம் வந்தது. ஆதிதிராவிடர் மனைக்கு நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டம். அதை எதிர்த்து நிலக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1994இல்தான் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. நத்தத்தை அளந்து பட்டா கொடுக்கும் நிலவரித் திட்டம் 1980களின் இறுதியில் தொடங்கியது. ராஜராஜன் காலத்தில் கழித்துவிட்ட நிலத்தை அளந்து பெயர் எழுத இத்தனை நாள் ஆயிற்று. இன்னும் பெயர் ஏறாத மனைகள் எத்தனை என்பதை அவரவர் ஊரில் போய்ப் பார்த்தால் தெரியும். வரி போடு என்று கேட்டு மனு எழுதுகிற ஒரே மக்கள் நாமாகத்தான் இருப்போம்.

இந்தப் பின்னணியோடு சோலார் சலுகையைப் பார்ப்போம்.

சொத்துவரியில் சூரிய ஆற்றலைக் கழிக்கும் யோசனைக்குப் பெயர்போன இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா. அங்கே 1978இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் சொத்துவரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். புதிதாக ஏதாவது கட்டினால் மட்டும் அந்தப் பகுதிக்கு மறுமதிப்பீடு வரும். மாடியில் சோலார் வைத்தால் அதுவும் புதுக் கட்டுமானம் ஆகிவிடுமே என்று 1980இல் இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி, சோலாரை மதிப்பீட்டிலிருந்து விலக்க வழி செய்தார்கள். அங்கே அதற்கு ஒரு நியாயம் உண்டு. சோலார் வைத்ததால் வரி ஏறக் கூடாது என்பது மட்டுமே அதன் நோக்கம்.

நம் நாட்டில் நடப்பது வேறு. புனே மாநகராட்சி சோலார், மழைநீர் சேமிப்பு, மண்புழு உரம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் 5 சதவீதமும் ஒன்றுக்கு மேல் இருந்தால் 10 சதவீதமும் சொத்துவரியில் தள்ளுபடி தருகிறது. இது சோலாருக்கான வரியைக் கழிப்பது இல்லை. வீட்டின் மொத்த வரியிலிருந்து கழிப்பது. தமிழ்நாட்டில் வீட்டு வரி பெரும்பாலும் கட்டடப் பரப்பளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மாடியில் பேனல் வைத்தால் பரப்பளவு ஒரு சதுர அடிகூடக் கூடாது. ஆகவே சோலாருக்கு வரி என்று ஒன்று இங்கே முளைப்பதே இல்லை. விலக்குக் கேட்பவர்கள் உண்மையில் கேட்பது வீட்டுக்கான வரியில் குறைப்பு. அப்படிச் செய்தால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 20,000 ரூபாய் வரி கட்டும் பங்களாவுக்கு 10 சதவீதம் என்றால் 2,000 ரூபாய். 150 ரூபாய் கட்டும் காலனி வீட்டுக்கு 15 ரூபாய். அதுவும் அந்தக் காலனி வீட்டில் சோலார் இருந்தால்!

இருக்குமா? தமிழ்நாட்டு அரசு ஒருமுறை நல்ல முயற்சி செய்தது, அதை மறைக்கக் கூடாது. 2011இல் தொடங்கிய சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு, ஐந்து சோலார் விளக்கு, ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 60,000 வீடுகள். 29 சதவீதம் பட்டியல் சாதியினருக்கு. பணத்தை வரியில் கழித்துக்கொள் என்று சொல்லாமல் வீட்டையும் விளக்கையும் நேரடியாகக் கொடுத்தார்கள் என்பதால் இது வரிச்சலுகையைவிட எவ்வளவோ மேல். ஆனால் நிபந்தனையைப் படியுங்கள்: மனைக்குத் தெளிவான பட்டா வேண்டும். மறுபடியும் அதே தாள். பட்டா இருந்தவர் பசுமை வீட்டுக்குப் போனார், இல்லாதவர் குடிசையிலேயே இருந்தார். அதே 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது முதலில் பறந்தது யார் கூரை என்று நமக்குத் தெரியும். விளக்கு கிடைத்தவர்களுக்கும் பாட்டரியின் ஆயுள் சில ஆண்டுதான். செத்த பாட்டரியை மாற்றுவது பயனாளி தலையில் விழுந்தது.

இப்போது ஒன்றிய அரசின் பிரதமர் சூர்ய கர் திட்டம். 2024 பிப்ரவரியில் தொடங்கியது, ஒரு கோடி வீடுகள் இலக்கு, 3 கிலோவாட் வைத்தால் 78,000 ரூபாய் மானியம். சொந்தக் கூரை வேண்டும், மின் இணைப்பு வேண்டும், முதலில் பணம் போட்டு அல்லது கடன் வாங்கி அமைத்த பிறகுதான் மானியம் கணக்கில் ஏறும். காரை பெயர்ந்து கம்பி தெரியும் தொகுப்பு வீட்டுக் கூரையில் எந்த நிறுவனம் பேனல் ஏற்றும்? தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு டிவி உள்ள வீட்டுக்குப் பெரிய கட்டணமே வராது. மிச்சம் பிடிக்கக் கட்டணம் இருந்தால்தானே சோலார் லாபம்? ஏசி ஓடும் வீட்டுக்குத்தான் மின்கட்டணத்தில் மிச்சம், மானியத்தில் பணம், சொத்துவரியிலும் தள்ளுபடி என்று மூன்று பக்கமும் கிடைக்கும்.

இது ஊகம் இல்லை, முன்பே ஒருமுறை நடந்தது. தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் 1986இல் மின்வாரியம் மாதிரிக் காற்றாலைகளை நிறுவியது. பின்னர் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைக் காடு எழுந்தது. அதை எழுப்பியது காற்று மட்டும் இல்லை, வருமான வரிச் சட்டம். 1990களில் காற்றாலைக்குப் போட்ட முதலீடு முழுவதையும் முதல் ஆண்டே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். பின்னர் அது 80 சதவீதமானது, 2017 ஏப்ரலிலிருந்து 40. கழித்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் வருமான வரி கட்டும் அளவுக்கு லாபம் வேண்டும். அதனால்தான் கோவை, திருப்பூர் நூற்பாலை முதலாளிகள் காற்றாலை முதலாளிகளும் ஆனார்கள். அந்தக் காட்டில் கூலிக்குக் காவல் நிற்பவர் யார் என்று போய்ப் பாருங்கள். மின்சாரம் வந்தது, நல்லது. உடைமை எங்கே குவிந்தது என்பதுதான் நம் கேள்வி.

நெய்வேலியும் இதையே சொல்லும். நிலக்கரி நிறுவனம் 1956இல் அமைந்தது. நிலம் எடுத்தபோது 1894ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு நிலத்தில் உரிமை உள்ளவருக்கு. அதே வயலில் நாற்று நட்டவருக்கு இல்லை. வாழ்வாதாரம் இழக்கும் விவசாயக் கூலிகளும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று சட்டம் ஏற்க 2013 ஆயிற்று. இன்று அதே நிறுவனம் சோலார் பூங்காவும் நடத்துகிறது. சுரங்கச் சாம்பலை மூச்சில் வாங்கிய மாவட்டம் இது. தூய மின்சாரம் வேண்டும் என்று சொல்ல நமக்கு இருக்கும் நியாயம் வேறு யாருக்கும் இல்லை.

சலுகைக்கு எதிராக நாம் சொல்லும் இன்னொரு காரணம் ஊராட்சியின் பெட்டி. வீட்டு வரிதான் ஊராட்சிக்குச் சொந்தமாக வரும் வருமானத்தில் முக்கியமானது. மேலிருந்து வரும் மானியத்துக்கு ஆயிரம் நிபந்தனை உண்டு. தன் வரியை எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானிப்பதில்தான் கொஞ்சமாவது தன்னாட்சி இருக்கிறது. தனி ஊராட்சிகளில் நம் ஆட்கள் தலைவராக வந்தபோது என்ன பாடுபட்டார்கள்! மேலவளவு முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். நம் மாவட்டத்திலேயே, சிதம்பரம் பக்கம் புவனகிரியை அடுத்த தெற்குத் திட்டையில், தலைவரான தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் நாற்காலியில். அந்தப் படம் 2020 அக்டோபரில் வெளிவந்த பிறகே வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வரித் தீர்மானம் போடுவதும் அந்தக் கூட்டம்தான். நாற்காலிக்கே இவ்வளவு சண்டை என்றால், நாற்காலி கிடைக்கும் நேரத்தில் பெட்டியும் காலியாக இருப்பது யாருக்கு நட்டம்?

அதனால் விலக்குக் கொடுப்பதைவிட வாங்குவதைப் பற்றிப் பேசுவோம். செல்போன் கோபுரத்துக்குச் சொத்துவரி போடலாமா என்ற வழக்கில், நிலம் கட்டடம் என்ற அதிகாரத்துக்குள் அது வரும், போடலாம் என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குஜராத்தின் அகமதாபாத் மாநகராட்சி சம்பந்தப்பட்ட வழக்கு. அந்தத் தர்க்கம் காற்றாலைத் தூணுக்கும், நூற்றுக்கணக்கான ஏக்கரில் விரியும் சோலார் பூங்காவுக்கும் ஏன் பொருந்தாது? பெரு நிறுவனத்தின் பூங்காவிலிருந்து ஊராட்சிக்கு வரி வரட்டும். சட்டம் படிக்கும் தோழர்கள் இதைக் கையில் எடுக்கலாம்.

வரியாக வந்த பணத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி இருக்கிறது. 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. விலை 1.55 கோடி. தன் சேமிப்பில் ஒரு பகுதி போட்டு, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். வரியைத் தள்ளுபடி செய்திருந்தால் அந்தச் சேமிப்பு ஏது? அங்கே காற்றாலை எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லை, ஊராட்சிக்குச் சொந்தம். தெருவிளக்கு எரிந்தால் காலனியிலும் எரிய வேண்டும் என்று கேட்க அங்கே நமக்கு ஒரு பிடி இருக்கிறது. தனியார் மாடியில் உள்ள பேனலைப் பார்த்து அப்படி எதுவும் கேட்க முடியாது.

ஊராட்சிகளுக்குப் பெரும் மின்செலவு குடிநீர் மோட்டாரும் தெருவிளக்கும்தான். சோலார் முதலில் ஏற வேண்டிய இடம் மோட்டார் அறை, பள்ளிக்கூடம், அங்கன்வாடி, காலனியின் சமுதாயக் கூடம். மாநில அரசு தன் 2012 சூரிய ஆற்றல் கொள்கையில் சோலார் மின்சாரத்துக்கு ஐந்து ஆண்டு மின்வரி விலக்கு அறிவித்தது. விலக்குக்குப் பதில் அந்த மதிப்பில் ஒரு பங்கு காலனிக் கூரைகளைப் பழுது பார்க்கப் போயிருந்தால் இன்று பேனல் தாங்கும் கூரைகள் கொஞ்சம் இருந்திருக்கும்.

இப்போது தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்துக்குப் போகிறவர்கள் வீட்டு வரி விதிப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தெருத் தெருவாகப் பாருங்கள். காலனியில் எத்தனை வீடு, எத்தனைக்குக் கதவு எண் ஏறியிருக்கிறது, எத்தனை பெண்கள் பெயரில் ரசீது இருக்கிறது, நத்தம் பட்டா யாருக்கு வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊரில் செல்போன் கோபுரம் இருந்தால் அதற்கு வரி வருகிறதா, எந்த ஆண்டு வரை கட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பதிவேடு செயலரிடம் இருக்கிறது, பிறகு வா என்பார்கள். செயலர் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.